மைலோ டின்னில் கிடைத்த வெடிவாலு

5 ஜூலை 2025, சனி

இனிமேல் இந்த நோட்டில் என் மண்டையிலிருந்து எதையும் எடுத்து ஆரம்பிக்கக் கூடாதாம். டீச்சர் உத்தரவு. டீச்சர் என்றால் பிரவீனா, என்னைவிட ரொம்பச் சின்னவள். குளுவாங்கில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் சனிக்கிழமை காலைகளில் கவிதை வகுப்பு நடத்துகிறாள். "மொதல்ல வெளியில கெடச்ச சொல் ஒண்ணு எழுதுங்கக்கா. போர்டுல பாத்தது, பில்லுல படிச்சது, யாரோ பேசி காதுல விழுந்தது, எதுன்னாலும் சரி. அப்புறம் அதப் புடிச்சுக்கிட்டு உங்க கதைய எழுதுங்க. கவிதை தானா வரும்."

வரும் வரும்.

இன்று கிடைத்தது, மாடியில் கழிவறைக் கதவில்: *பழுது. பின்பக்கம் செல்லவும்.*

இதைப் பிடித்துக்கொண்டு என் கதையை எழுத வேண்டுமானால், பழுது நான்தான். வயது முப்பத்தொன்பது, ஆறாம் மாதம். இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. அதனால் கூலாயில் நான் வேலை பார்க்கும் பேக்டரிக்கு லீவு போட வைத்து, லாயாங் லாயாங் என்கிற எங்கள் ஊரில் வீட்டோடு உட்கார வைத்திருக்கிறார்கள். குனியாதே, மாடி ஏறாதே, கோபப்படாதே. கோபப்படாதே என்று ஒருத்தர் சொல்லும்போதுதான் எனக்குக் கோபமே வருகிறது. சும்மா கிடந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று இவர்தான் வகுப்பில் சேர்த்துவிட்டார். இவர் என்றால் ஹேமநாதன், என் வீட்டுக்காரர். டியூஷன் சென்டரின் அந்த ஒரு மாடியை மட்டும், மெதுவாக ஏறு என்று அவரே அனுமதித்திருக்கிறார்.

என்னை ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டை விட்டு அனுப்புவதில் இவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை? சும்மா கேட்டு வைக்கிறேன்.

8 ஜூலை, செவ்வாய்

எங்கள் தாமான் குடியிருப்பைச் சுற்றி நடந்து பொறுக்கியவை. எல்லாம் கேட்டிலும் சுவரிலும் மலாயில் எழுதியிருந்தது, தமிழாக்கினேன்:

*நாய் கடிக்கும்*
*மணியை அழுத்தவும்*
*இங்கே வாகனம் நிறுத்தாதீர்*
*அன்புடன் வரவேற்கிறோம்*

அடுக்கி வைத்துப் பார்த்தால் மூவாரில் இருக்கும் எங்கள் அண்ணன் லெட்சுமணன் வீடு அப்படியே வந்து நிற்கிறது. சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு போய்விட்டது.

சாயந்திரம் இவர் கார் போர்ச்சில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்ததும் "ஓக்கே பாஸ், நாளைக்குப் பாக்கலாம் பாஸ்" என்று வைத்துவிட்டார். இவருடைய பாஸ் ஒரு சீனப் பொம்பளை. அந்தம்மாவிடம் இவர் எப்போது தமிழில் பேச ஆரம்பித்தார்?

12 ஜூலை, சனி

வீட்டுப்பாடம்: வீட்டில் கிடக்கும் ரசீதுகளிலிருந்து சொற்கள். என் பையில் மருந்துக்கடை பில்தான் இருந்தது. அதனால் இவருடைய பேண்ட் பாக்கெட்டைத் துழாவினேன். கவிதைக்காகத்தான்.

*இந்தச் சீட்டைத் தொலைத்தால் நீங்களே பொறுப்பு*
*விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது*
*நன்றி*
*மீண்டும் வருக*

முதல் வரி கார் பார்க் சீட்டு. எந்த இடம் என்று அதில் போடவில்லை. மற்றதெல்லாம் ஒரு ரொட்டிக்கடை பில், கடை இருப்பது மூவாரில். தேதி போன சனிக்கிழமை. அன்றைக்கு எனக்குச் சொன்னது "ஓ.டி. இருக்கு, நர்மா."

மூவாரில் இவருக்கு என்ன வேலை? அந்த ஊரில் எனக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணன். அவனோடு நான் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. அவன் மகள் மீனுவின் சடங்கில் அத்தை முறைக்கு முதல் சொம்பு மஞ்சள் தண்ணீர் நான்தான் ஊற்ற வேண்டும். சொம்பைக் கையில் எடுத்துவிட்டேன். "நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா, மொதல்ல புள்ள பெத்தவங்க ஊத்தட்டும்" என்றான். அத்தனை பேர் முன்னால். கூடப் பிறந்தவன். சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டு பஸ் ஏறி வந்தவள்தான்.

இப்போது எனக்கும் வயிற்றில் பிள்ளை இருக்கிறது. அது அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ. தெரிந்து வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன். மணியை அழுத்திக்கொண்டே நிற்கட்டும்.

எப்போது வருவான்?

17 ஜூலை, வியாழன்

ஆடி பிறந்தது. கூழுக்கு மாவு இல்லை. கிடைத்த சொல், மாவுக் கடையில்: *நாளை வரும்.*

19 ஜூலை, சனி

வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டை எடுத்துவிட்டேன்.

வகுப்பில் ஒரு மைலோ டின் இருக்கிறது. அவரவர் பொறுக்கிய சொற்களைத் துண்டுச் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். டீச்சர் குலுக்குவாள். ஆளுக்கு ஐந்து எடுத்து அதை வைத்துக் கவிதை எழுத வேண்டும். எந்தச் சீட்டு யார் போட்டது, எங்கே கிடைத்தது என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. "கெடச்ச சொல்லுக்கு விலாசம் கேக்கக் கூடாது." இது இந்த வகுப்புக்குச் சட்டம்.

நான் எடுத்த நான்காவது சீட்டு, பச்சை மையில்:

*நம்ம வெடிவாலுக்கு இப்போ தெரிய வேணாம். தெரிஞ்சா ஊரையே கூட்டிடுவா.*

உலகத்தில் என்னை வெடிவாலு என்று கூப்பிடுகிறவன் ஒருத்தன்தான், அந்த மூவார்க்காரன். இவருக்குக்கூட அந்தப் பேர் தெரியாது. நான் சொல்லவே இல்லை, சொன்னால் இவரும் பிடித்துக்கொள்வார் என்று.

எனக்கு என்னடா தெரிய வேணாம்? ஊரையே கூட்டிடுவாளாமே! யாரு, நானா? ஒம்பது வருசமா வாயத் தொறக்காம உக்காந்திருக்கேன்!

கவிதை எழுதவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சீட்டு என்னிடம் இருக்கிறது. டின்னில் திருப்பிப் போடவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

பச்சை மை பேனா வைத்திருப்பது மகேஸ்வரன் அங்கிள். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். கடைசி வரிசையில் உட்கார்ந்து யார் என்ன பேசினாலும் தலையைச் சாய்த்துக் கேட்பார். ஆரம்பத்திலிருந்தே அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. ஒட்டுக் கேட்பதையே ஒருத்தர் பொழுதுபோக்காக வைத்திருந்தால் அவரை என்னவென்று சொல்வது? நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். ஆனால் நான் செய்வது அவசியத்துக்கு.

யோசித்துப் பார். அண்ணன் யாரிடமோ என்னைப் பற்றிப் பேசியிருக்கிறான். இவர் மூவார் போயிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என்ன வருகிறது?

மச்சானும் மச்சானும் கூடிக் குலாவுகிறார்கள். என்னை மட்டும் தள்ளி நிற்க வைத்துவிட்டு. மறுபடியும்.

26 ஜூலை, சனி

சட்டத்தை மீறினேன். இடைவேளையில் மகேஸ்வரன் அங்கிளை மடக்கி, "அந்த வெடிவாலு சீட்டு எங்க கெடச்சது?" என்று கேட்டேன். மனிதர் திருட்டு முழி முழித்தார். "விலாசம் கேக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்களே மா."

"சும்மா சொல்லுங்க அங்கிள். நல்ல வரி, அதான்."

"ஒரு கேன்டீன்ல. ஒருத்தர் போன்ல பேசிட்டிருந்தாரு. வெடிவாலுங்கிற வார்த்தை நல்லா இருந்துச்சு, எழுதிக்கிட்டேன்."

"எந்த கேன்டீன்?"

அவர் கோப்பியைப் பாதியிலே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கேன்டீன் பேரைச் சொல்ல ஏன் பயம்? என் வீட்டுக்காரர் பேக்டரியிலும் கேன்டீன் இருக்கிறது. அண்ணன் அங்கேயே வந்து போகிறானா?

2 ஆகஸ்ட், சனி

காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டில், ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் ஒரு பை. பொறுக்கிய சொல், பையின் மேல்: *மங்கல நாள்களுக்கு எங்களை நாடுங்கள்.*

உள்ளே பட்டுப் புடவை. கிளிப்பச்சை, அரக்கு பார்டர். நல்ல கனம். கண்ணாடி வளையல் இரண்டு டஜன்.

இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. எவ்வளவு பெரிய மக்கு நான்!

மீனுவுக்குக் கல்யாணம். அவள் கோலாலம்பூரில் படிப்பை முடித்திருப்பாள். ஆடியில் வைக்க மாட்டார்கள், ஆவணியில் வைத்திருக்கிறார்கள். அத்தைக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஊரையே கூட்டிவிடுவேனாம். இவர் மட்டும் மாமாவாக லட்சணமாகப் போய்ச் சபையில் உட்கார்ந்து, இந்தப் புடவையைச் சீர் வைத்துவிட்டு வருவார். நான் வீட்டில் கால் வீங்கிக் கிடப்பேன்.

பிள்ளை உண்டான பிறகும் நான் தள்ளித்தான் நிற்க வேண்டுமா? இன்னும் என்ன பெற்றுக் காட்ட வேண்டும் இவர்களுக்கு?

அழுகை அழுகையாக வருகிறது. வயிற்றில் இது வேறு உதைக்கிறது. ஒன்றுமில்லடா, உன் மாமன் ஒரு அயோக்கியன், அவ்வளவுதான்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

இவரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார், நான் நம்பிவிடுவேன். பன்னிரண்டு வருடமாக அதுதான் நடக்கிறது.

"ஏன் ஒரு மாதிரி இருக்க, நர்மா?"

"ஒண்ணுமில்ல. கவிதை யோசிக்கிறேன்."

20 ஆகஸ்ட், புதன்

இவர் குளியலறையிலிருந்து போனில் பேசினார், தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு. தண்ணீர் நின்ற நேரத்தில் காதில் விழுந்ததை மட்டும் எழுதுகிறேன்:

*ஞாயித்துக்கெழம எல்லாரும் வந்துடுறாங்க*
*மீனு சனிக்கெழமயே வந்துடுவா*
*இல்ல, அவ வகுப்பு தவிர வேற எங்கயும் போறதில்ல*

கவிதை மாதிரியே இருக்கிறது, இல்லையா டீச்சர்?

23 ஆகஸ்ட், சனி

வகுப்புக்குப் போகவில்லை. இவர் கடைக்குப் போன நேரத்தில் பூட்டிலிருந்து பையை எடுத்து என் அலமாரியில் வைத்துவிட்டேன். பதிலுக்கு அந்த இடத்தில் பழைய கைலி இரண்டைச் சுருட்டி வைத்தேன்.

நாளைக்கு நானும் போகிறேன். அழைக்காத வீட்டுக்குப் போவது அசிங்கம்தான். இருக்கட்டும். தட்டு வைத்து, தேங்காய் பழம் வெற்றிலை பாக்கு வைத்து, இந்தப் புடவையையும் வளையலையும் மேலே வைத்து, அத்தை முறையோடு சபை நடுவில் கொண்டு போய் வைப்பேன். என் கையால் வாங்கட்டும் மீனு. எவன் என்னைத் தள்ளி நிற்கச் சொல்கிறான் என்று பார்க்கிறேன்.

டாக்சி ஓட்டும் ஆ சோங்கிடம் சொல்லிவிட்டேன். "மூவார் ஜாவுலா, அம்மோய், வயித்த வச்சுக்கிட்டு" என்கிறார். தூரமாம். தூரம் எனக்குத் தெரியாதா?

25 ஆகஸ்ட், திங்கள்

நேற்று நடந்ததை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

இவர் காலையிலேயே "ஸ்டாக் செக்" என்று கிளம்பிவிட்டார். அரை மணி கழித்து நான் கிளம்பினேன். வழியில் ஆயர் ஈத்தாமில் கால் நீட்ட இறங்கியபோது பானைக் கடையில் எழுதியிருந்தது: *உடைத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும்.* நேரம் பார்த்துச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் வீட்டு வாசலில் கெமா பந்தல் போடவில்லை. வாழை மரம் இல்லை, தோரணம் இல்லை. எங்கள் கார் நின்றது, இன்னும் நாலைந்து கார் நின்றது. சரி, கல்யாணம் மண்டபத்தில் இருக்கும், இது பெண் அழைப்பாக இருக்கும் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஹாலில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் சத்தமே இல்லை. இவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். ஜன்னல் பக்கம் சாய்வு நாற்காலியில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர், புருவம்கூட இல்லை. அண்ணிக்குப் பெரியப்பாவாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு இருந்த வேகத்தில் நேரே அவரிடம்தான் கேட்டேன்.

"எங்கண்ணன் எங்க?"

அவர் என்னையே பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"வெடிவாலு வந்துருச்சு," என்றார். "போச்சு. யாருடா சொன்னது?"

ஐயோ. ஐயோ சாமி. என் அண்ணனை எனக்கே அடையாளம் தெரியல.

அவனுக்கு வயிற்றில் கட்டி. ஏப்ரலிலிருந்து ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் வைத்தியம். இன்றைக்கு ஆபரேஷனுக்குப் படுக்க வேண்டும், அதற்காகத்தான் நேற்று எல்லாரும் வந்திருந்தார்கள். அண்ணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. சனிக்கிழமைகளில் என்னை வகுப்பில் விட்டுவிட்டு, மூவார் வந்து அவனை ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாரு போய், வைத்தியம் முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தவர் இவர். இதுதான் அந்த ஓ.டி. வகுப்பு முடிந்து என்னை ஏற்றிப் போக யாரோ நண்பரை அனுப்புவார், வேலை இழுத்துவிட்டது என்பார்.

"இதுக்கு முன்ன ரெண்டு தடவ உனக்குத் தங்கல," என்றான் அண்ணன். "மூணாவதும் என்னாலதான் போச்சுன்னு ஆயிடக் கூடாது. அதான் சொல்ல வேணாம்னேன். மாப்பிள்ளைய ஏசாத. நான்தான் சத்தியம் வாங்கினேன்."

நான் தட்டை இன்னும் பிடித்துக்கொண்டே நின்றேன். கையை நீட்டிப் புடவையைத் தொட்டுப் பார்த்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் தோள் குலுங்கிற்று. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்தான்.

"கூறு கெட்டவளே. உன் வளைகாப்புக்கு நான் வாங்கிக் குடுத்தது இது. பொறந்த வூட்டுச் சீரு. எனக்கே திருப்பிக் கொண்டாந்திருக்கியா?"

மீனு வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். என்னைவிட உயரமாகிவிட்டாள். "அத்தே, எனக்குக் கல்யாணம்னா நினைச்சீங்க? எனக்கே யாரும் சொல்லலியே" என்றாள். அவள் அப்பா இன்னும் சிரித்தான், வலித்தது, நிறுத்திக்கொண்டான்.

பழைய கதையை யாரும் எடுக்கவில்லை. நான் கிளம்பும்போது அவன்தான் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நான் சொன்னது பெரிய தப்பு, நர்மதா" என்றான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. வெடிவாலுன்னே சொல்லித் தொலையேன்டா.

திரும்பி வரும்போது பாதி வழியில் இவர் காரை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். "எனக்குப் பொய் சொல்லவே வரல நர்மா, எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா" என்றார். தெரியும், பாஸோட தமிழ் பேசினீங்களே என்றேன்.

30 ஆகஸ்ட், சனி

ஆபரேஷன் முடிந்தது. முழுவதும் எடுக்க முடியவில்லையாம். டாக்டர் சொன்னதை இவர் எனக்கு அப்படியே சொன்னார், ஒன்றையும் விடாமல். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். கீழே விழவில்லை நான். பாருங்கள், விழவில்லை.

போன ஞாயிறு அண்ணனின் மருந்து டப்பாக்களில் பார்த்தது:

*வெளிச்சம் படாமல் வைக்கவும்*
*நன்றாகக் குலுக்கவும்*
*திறந்தபின் நீண்ட நாள் வைத்திருக்க முடியாது*

இதற்குக் கீழே கவிதை எழுதவில்லை. இதுவே போதும்.

வகுப்பில் மகேஸ்வரன் அங்கிளைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து நோயாளி பேசுவதை ஒட்டுக் கேட்டு எழுதுகிறாரே, மனுஷனா என்று. "ஆஸ்பத்திரி கேன்டீன்ல பேசினது எங்க அண்ணன்" என்று நான் ஆரம்பித்ததுமே அவர் சொன்னார்: "என் சம்சாரம் யோகேஸ்வரிக்கும் அங்கதான்மா வைத்தியம். வகுப்பு முடிஞ்சு அங்க போயி காத்துக்கிட்டிருக்கற நேரத்துல அவ என்ன ஆவாளோன்னு நினைக்காம இருக்கறதுக்கு, அடுத்த மேசைய கேட்டுக்கிட்டு இருப்பேன். உங்க அண்ணன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா டின்ல போட்டிருக்க மாட்டேன்."

"போட்டதே நல்லது அங்கிள்," என்றேன். போடாமல் இருந்திருந்தால் நான் இன்னும் கதவைச் சாத்திக்கொண்டு, அவன் வருவான் வருவான் என்று உட்கார்ந்திருப்பேன்.

3 செப்டம்பர், புதன்

வளைகாப்பு, மூவாரில், அண்ணன் வீட்டில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே வைக்கச் சொல்லிவிட்டான். முதல் வளையலை மீனு போட்டாள். கல்யாணம் ஆகாதவள் போடலாமா என்று ஒரு கிழவி கேட்டதற்கு, "இந்த வீட்டுல இனிமே அந்தக் கேள்வி கெடயாது" என்று அண்ணன் நாற்காலியிலிருந்தே சொன்னான். சத்தமாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

கிளிப்பச்சை எனக்கு எடுப்பாகவே இல்லை. அவனுக்கு என்றைக்கு நிறம் தெரிந்தது?

6 நவம்பர், வியாழன்

பையன். இரண்டு நாளாகிறது. கையில் கட்டியிருந்த பட்டியில்: *நர்மதா மகன்.* இதைவிட நல்ல சொல் இந்த நோட்டில் கிடையாது.

15 நவம்பர், சனி

தீட்டு கழியட்டும், பச்சை உடம்போடு பிரயாணமா என்று எல்லாரும் கத்தினார்கள். கேட்கவில்லை. காரின் பின் சீட்டில் தலையணை அடுக்கி மூவார் போய் வந்தோம். அண்ணனால் தூக்க முடியவில்லை. அவன் நெஞ்சில் படுக்க வைத்து நான் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் தூங்கினார்கள்.

27 நவம்பர், வியாழன்

இன்று கிடைத்தது, காலையில் மீனு போனில்: *அத்தே, மொதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன்.*

ஏழு மணிக்கு முன்னால் போயிருக்கிறான். தூக்கத்திலேயே. அண்ணி பக்கத்தில் இருந்திருக்கிறார். மீனு அழாமல் சொன்னாள், நான் அழாமல் கேட்டுக்கொண்டேன். "மாமாவுக்கு நீங்க சொல்லிடுறீங்களா அத்தே?" என்றாள். சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிள்ளை பால் குடித்துவிட்டுத் தூங்குகிறான். இவர் வீட்டுக்குப் பின்னால் பிள்ளையின் துணிகளை அலசிக் காயப் போடுகிறார், ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு. வாரக் கணக்காக ஒழுங்காகத் தூங்காத மனுஷன். இன்றைக்குத்தான் ஒரு நாள் லீவு. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இரண்டு தரம் கதவு வரைக்கும் போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

தோசை ஊற்றி வைத்திருக்கிறேன். அவர் உள்ளே வரட்டும். உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கட்டும்.